தொபியாஸ் கொண்டுவந்த ஒரு படி அரிசி

"மூத்தவன் கேட்டதுல என்ன சாமி தப்பு?" என்று கேட்டார் கஸ்பார்.

ஊதாரிப் பிள்ளை கதையில் வரும் அண்ணன்காரனைப் பற்றித்தான் பேச்சு. சொத்தை அழித்துவிட்டு ஓடிப்போன தம்பி திரும்பி வந்ததும் அப்பன் விருந்து வைக்கிறான். வீட்டோடு கிடந்து உழைத்த அண்ணன் உள்ளே வர மாட்டேன் என்று வாசலில் நின்றுவிடுகிறான். அந்தக் கதையைக் கஸ்பார் சொன்னால் பிள்ளைகள் கண்ணைக் கசக்கும். இருபது தடவையாவது சொல்லியிருப்பார்.

கஸ்பார் எங்கள் ஊர் உபதேசியார், கோயில் காரியங்களில் சாமிக்குக் கைத்துணை. வயது ஐம்பத்தெட்டு. அவர் கேள்வி கேட்ட ஹிலாரி சாமிக்கு முப்பத்தாறு. குருவைவிடச் சீடனுக்கு இருபத்திரண்டு வயது கூடுதல். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்போம், கஸ்பார் இல்லாதபோது. தினமும் காலைப் பூசை முடிந்ததும் கோயிலின் பின்வாசலில் நின்று சாமியிடம் ஒரு கேள்வி கேட்பார். பதில் கிடைக்காமல் நகர மாட்டார்.

"வருசக்கணக்கா உழைச்சவன் அவன். கோவப்படக் கூடாதா?"

"படலாம்" என்றார் சாமி.

"அப்ப அவன் வாசல்ல நின்னது சரிதான?"

"விருந்து உள்ளதான நடக்குது."

"இது பதில் இல்லையே, சாமி."

"இல்லைதான். இன்னிக்கு அசனம். மணி எட்டாச்சு. போய்ப் படி வாங்குங்க."

கஸ்பார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

அசனம் என்றால் திருவிழாவின் கடைசி நாள் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டு. குடும்பத்துக்கு ஒரு படி அரிசி. கோயில் முற்றத்தில் பெரிய ஓலைப்பாய் விரித்திருக்கும். ஆளாளுக்குக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, உபதேசியார் பக்கத்தில் நின்று, "இன்னார் வீட்டுப் படி" என்று ஊருக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். படி விழுந்தால் நீ ஊர்க்காரன். வழிப்போக்கன் வந்தாலும், வேற்று மதத்துக்காரன் வந்தாலும் இலை போடுவோம். அதில் எங்களுக்குப் பெருமை. ஊர் விலக்கி வைத்தவனுக்கு மட்டும் படியும் கிடையாது, இலையும் கிடையாது. அதிலும் எங்களுக்குப் பெருமைதான், என்ன செய்ய.

பத்தரை மணிக்கெல்லாம் பாயில் அரிசி இடுப்பளவுக்குக் குவிந்துவிட்டது. மீன்காரி பிரகாசி படிகளை வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏழு அண்டாவிலும் உலை ஏற்றியாயிற்று. சமையல்காரர் வியாகுலம் கரண்டியோடு நின்று, "முடிஞ்சுதா, களையட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாகக் கஸ்பாரின் வீட்டம்மா வந்து தன் படியைக் கொடுத்துவிட்டுப் போனாள். கஸ்பாரே தன் பெயரைச் சொல்லி முடித்தார்.

அப்போதுதான் வெளிவாசலில் தொபியாஸ் வந்து நின்றான்.

ஊரை விட்டுப் போய்ப் பதினோரு வருசம். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே பார்வையில் தெரிந்தது. அவன் கையில் ஒரு துணிப்பை இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கஸ்பாரின் தம்பி ரெமிஜியுஸ். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, கஸ்பார்தான் தோளில் போட்டு வளர்த்தார். அவனும் தொபியாஸும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போவார்கள். வடக்கே கடலடிப் பாறைத் திட்டான பாரில் வலை போடுவதில்லை என்று பக்கத்து ஊரோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. மீறினால் ஊர் விலக்கு. இருவரும் மீறிப் போனார்கள். வள்ளம் கவிழ்ந்தது. தொபியாஸ் ஒரு கேனைப் பிடித்து நீந்திக் கரையேறி ஊருக்கு வந்தான். எங்கே கவிழ்ந்தது என்று கேட்டோம். விலக்கி வைத்துவிடுவார்களே என்ற பயத்தில், தெற்கே என்று சொல்லிவிட்டான்.

மூன்று நாள் நாற்பது வள்ளம் தெற்கே தேடியது. நாலாம் நாள் வடக்கே ரெமிஜியுஸ் கரை ஒதுங்கினான். செத்து ஒரு நாள்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்படியென்றால் இரண்டு நாள் உயிரோடு மிதந்திருக்கிறான். தொபியாஸ் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான். அன்றைக்கே அவனை ஊர் விலக்கியது. கஸ்பார் கடலை விட்டார், வலையை விற்றார், கோயிலோடு ஒதுங்கினார். போன வருசம் தொபியாஸின் அம்மா இறந்தபோது அடக்கத்துக்குக்கூட அவனை விடவில்லை.

கஸ்பார் வாசலுக்குப் போனார். அவர் நடந்த நடையைப் பார்த்து நாங்கள் வழியை விட்டு ஒதுங்கினோம்.

"அங்கேயே நில்லு."

"தோத்திரம், அண்ணே."

"உந் தோத்திரம் யாருக்கு வேணும்? எதுக்கு வந்த?"

"எங்க வீட்டுப் படி, அண்ணே. அம்மா இருந்தவரைக்கும் யாரு மூலமாவது கேட்டுப் பாப்பா. வாங்க மாட்டேன்னுருவீங்க. அவ போயிட்டா. இந்த ஒரு தடவை வாங்கிக்கிடுங்க. பன்னெண்டு மணி வண்டிக்கு நான் போயிருதேன்."

"போறவன் இப்பவே போ."

"இனிமே வர மாட்டேன், அண்ணே. இதான் கடைசி."

"வராட்டா கடல் வத்திருமா? போயிருலே."

தொபியாஸ் போகவில்லை. கெஞ்சவும் இல்லை. பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். இளவட்டங்கள் நாலைந்து பேர் எழுந்து கஸ்பாருக்குப் பின்னால் வந்தார்கள். ஒருத்தன் கைலியை மடித்துக் கட்டினான். இன்னும் ஒரு வார்த்தை கூடிப் போயிருந்தால் திருவிழா அன்றைக்கே கோயில் வாசலில் அடி விழுந்திருக்கும்.

ஹிலாரி சாமி எப்போது வந்தாரோ தெரியாது. கூட்டத்துக்குள் புகுந்து தொபியாஸின் கையிலிருந்து பையை வாங்கினார். நேரே பாய்க்குப் போனார். பையைக் கவிழ்த்தார். கொட்டிய அரிசியில் முழங்கை வரை கையை விட்டு நாலு தடவை கிண்டினார். பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஊர்த்தலைவர் லியோன்தான் முதலில் முன்னால் வந்தார்.

"சாமி, இது ஊர்த் தீர்ப்பு. நீங்க நேத்து வந்தவிய. நாளைக்கு மாத்தல்ல போயிருவிய. நாங்கதான் இங்க கிடக்கணும்."

"தீர்ப்புல நான் கை வைக்கல" என்றார் சாமி. "அரிசியிலதான் வச்சேன். வேண்டாம்னா அவர் அரிசியைப் பொறுக்கி எடுத்துருங்க."

"முந்நூறு படிக்குள்ள எதைன்னு பொறுக்க?"

"நான் பொறுக்குதேன்" என்றார் கஸ்பார்.

வேட்டியை மடித்துக் கட்டிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"எது அவரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சாமி.

"ஏன் தெரியாது? ஊர் ஊரா அலையுற பய ரேஷன் அரிசியத் தவிர வேற என்னத்தக் கொண்டு வந்திருப்பான்? குண்டு குண்டா, பழுப்பா கிடக்கு பாருங்க. ஒண்ணு விடாம எடுத்து அவன் பையில போட்டு அனுப்புதேன்."

சாமியும் அவருக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். "நானும் எடுக்கேன்."

"நீங்க ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

"கொட்டினவன் நான்தான."

இரண்டு பேரும் பொறுக்கினார்கள். ஊர் சுற்றி நின்று பார்த்தது. உலை கொதித்தது. வியாகுலம், "அரிசி போடலைன்னா பந்தி மூணு மணிக்குத்தான், பாத்துக்கிடுங்க" என்று பொதுவாகச் சொன்னார். தொபியாஸ் வாசலுக்கு வெளியே, வெயிலில், நின்ற இடத்திலேயே நின்றான். அவன் பை சாமியிடம் இருந்ததால் போகவும் முடியவில்லை.

பதினொன்றரை ஆனது. கஸ்பாரின் பக்கத்தில் இரண்டு கையளவு அரிசி சேர்ந்திருந்தது. நெற்றி வேர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. துடைக்கவில்லை.

பிரகாசி குனிந்து, குரலைத் தாழ்த்தி, "எண்ணே" என்றாள்.

"என்ன?"

"தப்பா எடுக்காதீங்க. நீங்க பொறுக்கி வச்சிருக்கது உங்க வீட்டு அரிசி."

"என்னது?"

"மைனி கொண்டு வந்தது. நான்தான வாங்கிக் கொட்டினேன், இதே எடத்துல. தொபியாசு கொண்டு வந்தது பொன்னி. தஞ்சாவூர்ல ரைஸ்மில்லுல மூட்ட தூக்குதானாம். மல்லிகைப்பூ கணக்கா இருந்துச்சு. அதை இனிப் பிரிக்க முடியாது."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அசனத்துக்கு நல்ல அரிசிதான் போட வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. கட்டுப்பாடு எங்கே, நாங்கள் எங்கே. பாதிக் குவியல் ரேஷன் அரிசிதான். பிரகாசி சொன்னதும் சுற்றி நின்றவர்களில் பல பேர் வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

கஸ்பார் கையிலிருந்த அரிசியைப் பார்த்தார். அப்புறம் சாமியைப் பார்த்தார். அவர் கண் சிவந்துவிட்டது.

"இப்ப எல்லாரும் சிரிக்கணும், நான் வெக்கப்பட்டு எந்திரிச்சுப் போகணும், அவன் உள்ள வரணும். அப்படித்தான சாமி?"

"நான் சிரிக்கல" என்றார் சாமி.

"இது அரிசி விசயமில்ல. எந் தம்பி ரெண்டு நாள் உசிரோட கிடந்தான். தண்ணிக்குள்ள. எண்ணே எண்ணேன்னு கூப்பிட்டிருப்பான். நான் தெக்க நிக்கேன். அவன் வடக்க கிடக்கான். இவன் ஒரு பொய் சொன்னான், சாமி. ஒரே ஒரு பொய்."

"ஆமா. சொன்னார்."

"அன்னைக்கு யாராவது ஒருத்தர்... வடக்கன்னு ஒரு வார்த்தை..."

இந்த வாக்கியம் எங்களுக்கு மனப்பாடம். பதினோரு வருசமாகக் கல்யாண வீடு, கருமாதி வீடு, எங்கே உட்கார்ந்தாலும் கஸ்பார் இதைச் சொல்வார். 'அன்னைக்கு யாராவது ஒருத்தர் வடக்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந் தம்பி இருந்திருப்பான்.' நாங்களும் உச்சுக்கொட்டுவோம்.

இன்றைக்கு அவரால் முடிக்க முடியவில்லை. எதிரே இரண்டடி தள்ளிப் பிரகாசி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்துகொண்டார்.

"வடக்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?" என்றார் சாமி.

கஸ்பார் ஒரு அரிசியைப் பொறுக்கி எடுத்தார், திரும்பப் பாயிலேயே போட்டார்.

"சொல்லுங்க."

"சொன்னா, சாமி."

"யாரு?"

"ஒருத்தி சொன்னா. ரெண்டாம் நாள் காலையில. வள்ளத்தைத் தள்ளிக்கிட்டு நிக்கேன். ஓடி வந்தா. வடக்க மீன் எடுக்கப் போனாளாம். அங்க ஒரு வலை மிதப்பு ஒதுங்கிக் கிடக்கு, உங்க வீட்டுப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்குன்னு சொன்னா."

அடுப்பு விறகு வெடிப்பது மட்டும் கேட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடலைப் பத்திப் பொம்பளகிட்ட கேக்குற காலம் வந்துட்டான்னு கேட்டேன். போயி மீன் வில்லுன்னு விரட்டுனேன். தெக்கப் போயிட்டேன்." கஸ்பாரின் குரல் உடைந்தது. "அன்னைக்குக் காலையில அவன் உசிரோட இருந்தான், சாமி. வடக்கப் போயிருந்தா ரெண்டு மணி நேரத்துல எடுத்திருப்பேன்."

அவர் அழுதார். ஊருக்கு முன்னால், அரிசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதார். பின்னால் நின்ற இளவட்டங்கள் ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள். கைலியை மடித்துக் கட்டியவன் அதை அவிழ்த்துவிட்டான்.

"விடுங்கண்ணே" என்றாள் பிரகாசி. "எல்லாரும் பாக்காவ."

லியோன் அவளைப் பார்த்தார். "நீயா? பதினோரு வருசமா ஏன்ளா சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்லுதிய? அன்னைக்கு இவரு தம்பிய மடியில போட்டுக்கிட்டுக் கிடக்காரு. நான் போயி, அப்பவே சொன்னேன்லான்னு சொல்லவா? அப்புறம் நாளாயிருச்சு."

"ஊருக்குத் தெரியணும்ல."

"தெரிஞ்சா என்ன செஞ்சிருப்பிய? இவரையும் விலக்கி வச்சிருப்பிய."

லியோன் தரையைப் பார்த்தார். நாங்களும்தான்.

கஸ்பார் தலையைத் தூக்கினார். "கோவமில்லையா ஒனக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"இருந்துச்சு. ஏன் இல்லாம? ரெண்டு வருசம் உங்க முகத்துல முழிக்கப் பிடிக்கல." அவள் முறத்தை எடுத்து, பாயின் ஓரத்தில் சிதறிக் கிடந்த அரிசியைக் குவியலோடு கூட்டிச் சேர்த்தாள். கஸ்பார் பொறுக்கி வைத்த இரண்டு கையளவும் அதோடு போயிற்று. அவர் தடுக்கவில்லை.

வியாகுலம் சாமியின் முகத்தைப் பார்த்தார். சாமி தலையசைத்தார். பெண்கள் அரிசியை அள்ளிக் களையத் தொடங்கினார்கள்.

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. பன்னிரண்டு மணி வண்டி எங்கள் ஊரில் ஐந்து நிமிசம் நிற்கும். ஆள் ஏறினதும் திரும்பிவிடும். வாசலில் நின்ற தொபியாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஹாரன் சத்தம் கேட்டதும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டான். பை வேண்டாம் என்று கையைக் காட்டினான். திரும்பி ரோட்டைப் பார்த்து நடந்தான்.

அவன் அரிசி களையும் பானையில் கிடந்தது. அவன் போய்க்கொண்டிருந்தான்.

கஸ்பார் எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது, சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி வைத்தார். நின்றார்.

"சாமி."

"என்ன?"

"கூப்பிடணும்னு இருக்கு. மன்னிச்சுட்டேன்னு சொல்ல வாய் வரல. சொன்னா அது பொய்யி. அடிவயிறு இன்னும் எரியுது."

"பொய் சொல்ல வேண்டாம்."

"அப்ப என்னன்னு சொல்லிக் கூப்பிட?"

சாமி எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, பிரகாசியைக் காட்டினார். "இந்தம்மா உங்ககிட்ட மன்னிச்சுட்டேன்னு என்னிக்காவது சொன்னாங்களா?"

"இல்ல."

"வேற என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா."

"பதினோரு வருசமா ஒண்ணுமேவா?"

கஸ்பார் யோசித்தார். ரோட்டில் தொபியாஸ் பஸ்ஸை நெருங்கிவிட்டான்.

"அசனத்தன்னைக்கு ஒண்ணு சொல்லுவா. தம்பி போனதுக்கப்புறம் எனக்குப் பந்தியில உக்காரப் பிடிக்காது. படி வாங்கி முடிச்சதும் வீட்டுக்கு நடையக் கட்டுவேன். அப்ப வாசல்ல மறிச்சுக்கிட்டு நிப்பா." அவர் பிரகாசி நின்ற பக்கம் பார்த்தார். "'எண்ணே, சாப்பிட்டுட்டுப் போங்க'ம்பா. வருசாவருசம்."

"நீங்க?"

"சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது.

"அதைப் போய்ச் சொல்லுங்க" என்றார் சாமி.